புள்ளும் புள்ளடியும்

2023 ஜூலையில் எலான் மஸ்க் ‘ட்விட்டர்’ என்ற பெயரை அழித்து ‘எக்ஸ்’ என்று எழுதினார். நீலக்குருவி போய் ஓர் எழுத்து வந்தது. 2022 ஒக்டோபரில் 4,400 கோடி டொலர் கொடுத்து வாங்கியவர் தனது பொருளுக்குத் தான் விரும்பிய பெயரை இடுகிறார், நமக்கென்ன என்று இருந்துவிடலாம். மொழியோடு புழங்குகிறவர்களுக்கு அது இலேசல்ல.

‘ட்வீட்’ என்பது குருவியின் சத்தம். 2013இல் ஒக்ஸ்போட் அகராதி அதன் புதுப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் சிலர் ‘கீச்சு’ என்றார்கள். அச்சொட்டான சொல், கீச்சினான், கீச்சுகிறாள் என்று வினையாகவும் ஓடியது. ‘எக்ஸ்’ஸிலிருந்து எந்த வினையும் பிறக்கவில்லை. ‘பதிவு’ என்ற பொதுச்சொல்தான் மிஞ்சியது. நமது பத்திரிகைகளும் நெடுநாள் ‘எக்ஸ்’ என்று எழுதி, அருகிலேயே ‘முன்னைய ட்விட்டர்’ என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. விளக்கம் கேட்கும் பெயர் இன்னும் பெயராகவில்லை.

பெயர்ப்பலகையை மாற்றுவது உடைமையாளர்; பெயரை வழங்குவது சனங்கள். சப்ரகமுவத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ பஸ் ஏறுகிறவர் கம்பனியின் பெயரைச் சொல்லி டிக்கட் எடுப்பதில்லை. தேயிலை விற்பவர்களுக்கும் இது தெரியும். 1972இல் நாடு ‘ஸ்ரீ லங்கா’ ஆனது. தேயிலை இன்றைக்கும் ‘சிலோன் டீ’தான். விலைபோகும் பெயரை வியாபாரி விடமாட்டான். மஸ்க் விட்டார், இதை வியாபாரம் என்பதைவிட ஆசை என்பதே பொருத்தம். 1999இல் அவர் தொடங்கிய கம்பனியின் பெயரும் எக்ஸ் டொட் கொம்தான்.

இனி அந்தக் குறிக்கு வருவோம். அதற்கு நம்மிடம் முன்பே பெயருண்டு: புள்ளடி. புள்ளின் அடி, பறவையின் காற்தடம். குருவியைத் துரத்திவிட்டு அதன் தடத்தையே சின்னமாக்கியிருக்கிறார் மனிதர். அவருக்கு இதைச் சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை.

இலங்கையில் புள்ளடி என்றால் வாக்கு. 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்த தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது; 1949இன் சட்டத் திருத்தத்தோடு வாக்கும் போனது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. எழுதத் தெரியாதவரும் தனது விருப்பத்தைச் சொல்ல உதவிய குறி அது. ஒரு தலைமுறைக்கு மேல் அதற்குக் காத்திருந்தவர்கள் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இன்று அதே வடிவத்தைத் தொட்டுத் திறக்கிறார்கள். புதிதாக வந்த வெற்றெழுத்து என்று அதை அவர்களிடம் அறிமுகப்படுத்துவது சரியல்ல.

தளத்தை எக்ஸ் என்றே எழுதட்டும். அதில் எழுதப்படுவதைக் கீச்சு என்று சொல்வதை நான் விடுவதாயில்லை.