சபையின் பாட்டும் கைபேசியின் இசையும்

ஆர்மோனியமும் தபேலாவும் வாசிக்க ஆளற்ற சபைகளில், கைபேசியிலுள்ள இசைப்பதிவைப் புளூடூத் வழியாக ஆலயத்தின் ஒலிபெருக்கிக்கு அனுப்பி, அதனோடு சேர்ந்து சபையார் பாடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. சிற்றூர்ச் சபைகளுக்கு இது பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வசதி கருதி ஆராதனைக்குள் ஏற்கப்பட்ட எதுவும் இறையியல் ஆய்வுக்கு விலக்கன்று.

இதன் பெயரே திருச்சபை வரலாற்றை நினைவூட்டுவது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்ட் மன்னரின் பட்டப்பெயர் அது. டேனியரைக் கிறிஸ்தவராக்கியவர் அவர் என்று யெல்லிங்கில் அவர் நிறுவிய கல்வெட்டு கூறுகிறது. அவர் மக்களை ஒன்றுபடுத்தியதுபோல், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இது இணைக்கும் என்ற எண்ணத்தில் இப்பெயர் முன்மொழியப்பட்டது. ஆராதனையில் இது எவற்றை இணைக்கிறது என்பதே நம் கேள்வி.

கைபேசி இசையைச் சுருக்கி, சிறு சிறு பகுதிகளாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புகிறது. ஒரு பகுதி வந்து சேர்ந்தால் வாங்கும் கருவி அதைத் திரும்ப அறிவிக்கிறது. அறிவிப்பு வராவிடில் கைபேசி அப்பகுதியை மீண்டும் அனுப்புகிறது. ஆக, இரு கருவிகளுக்கிடையே கேட்டலும் மறுமொழியும் உண்டு. கைபேசிக்கும் சபைக்கும் இடையிலோ அவை இல்லை. முதியோர் மூச்சு வாங்கிப் பின்தங்கினாலும், சபையார் சரணத்தைத் தவறித் தொடங்கினாலும், இசைப்பதிவு தன் வழியே செல்லும்.

இவ்வமைப்பின் மற்றொரு குறையும் சிந்திக்கத்தக்கது. மனித உடலிலுள்ள நீர் இவ்வலைகளை உட்கொள்கிறது. ஆகவே வெற்று ஆலயத்தில் சனிக்கிழமை தடையின்றி ஒலித்த இசை, மக்கள் நிறைந்து எழுந்து நிற்கும் ஞாயிறன்று விட்டுவிட்டு ஒலிக்கக்கூடும். சபை கூடிவருதலே இசைக்குத் தடையாகிவிடுகிறது! கைபேசியைக் கம்பியால் மிக்ஸருடன் இணைத்தால் இக்குறை தீரும். அழைப்பு வராதபடி கைபேசியை அமைத்துவிட்டால் ஜெபவேளையில் மணியொலியும் எழாது. ஆனால் கேளாத இசையைக் கேட்கச் செய்யக் கம்பியாலும் இயலாது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் வளர்த்த கீர்த்தனை மரபை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். சரணத்துக்குப் பின் பல்லவிக்குத் திரும்பும்போது, அதை ஒருமுறை பாடுவதா, மும்முறை பாடுவதா என்பதைப் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் சபையின் குரலைக் கேட்டே முடிவு செய்வார். இசைப்பதிவிலோ அது முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. சபை அதற்கு இணங்கலாம், அல்லது வாய்மூடிக் கேட்கலாம். காலப்போக்கில் கேட்பதே எளிதாகிவிடும்.

கொரிந்து சபையின் ஆராதனையைப் பற்றி எழுதுகையில் பவுல் காட்டும் அளவுகோல் ஒலியின் சிறப்பன்று, சபையின் பக்திவிருத்தியே (1 கொரி. 14:26). அவ்வளவுகோலின்படி இசைப்பதிவை முற்றிலும் விலக்கவேண்டியதில்லை. அதற்கு உதவியாளின் இடத்தையே கொடுக்கவேண்டும். ஆராதனைதோறும் ஒரு பாட்டேனும் மனிதக் குரல் எடுத்துக்கொடுக்கச் சபையாரால் பாடப்படுவது நலம். அதற்கு, அருளுரை ஆற்றப் பயில்வதுபோல், பாட்டை எடுத்துக்கொடுக்கவும் இறையியல் மாணவர் பயிலவேண்டும். ஆயருக்கே அது இயலாவிடில், சபை கைபேசியை நாடுவதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.