செவிப்பயிற்சியும் ஒலியனமைப்பும்: ஒரு மதிப்பீடு

ஒலிகளைக் குறிப்பிட்ட முறையில் கேட்கச் செய்வதன் வாயிலாகக் கேட்டல் திறனையும் மூளையின் செயற்பாட்டையும் செம்மைப்படுத்த இயலும் என்னும் கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கி வருகிறது. மருத்துவரும் உளவியலாரும் இது பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். ஆயினும் இக்கருத்துக்கு அடித்தளமாக மொழி பற்றிய சில கூற்றுகள் அமைந்துள்ளன. அவற்றை மதிப்பிட வேண்டியவர் மொழியியலாரே. அத்தகைய கூற்றுகள் இரண்டை இக்கட்டுரை ஆராய்கிறது. சான்றுகள் பெரும்பாலும் மராட்டிய மாநிலத்துப் புணே நகரில் வாழும் தமிழர் மராத்தி கேட்கும் நிலையிலிருந்து தரப்படுகின்றன.

முதற்கூற்று பிரெஞ்சு நாட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரான அல்ஃப்ரெட் தொமாட்டிஸ் (1920–2001) என்பாருடையது. ஒவ்வொரு மொழிக்கும் உரிய அலைவெண் எல்லை ஒன்று உண்டு என்பதும், அம்மொழியாளரின் செவி அவ்வெல்லைக்குள்தான் கூர்மையாக இயங்கும் என்பதும் அவர் கொள்கை. பிரெஞ்சுக்கு ஏறத்தாழ 1000 முதல் 2000 ஹெர்ட்சு, பிரித்தானிய ஆங்கிலத்துக்கு 2000 முதல் 12000 ஹெர்ட்சு என அவர் வகுத்தார். வடிகட்டிய இசையையும் குரலையும் 'மின்னணுச் செவி' என்னும் கருவி வழியே கேட்டால் செவி புதிய எல்லைக்குப் பழகும் என்றார்.

இக்கொள்கை ஒலியியலுக்கு ஒவ்வாதது. தொலைபேசி நெடுங்காலம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்சு வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தியது. அக்குறுகிய எல்லைக்குள் தமிழரும் ஆங்கிலேயரும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்கிக்கொண்டனர். தொமாட்டிஸின் வரையறை சரியாயின், ஆங்கிலேயர் தம் மொழிக்குரிய பகுதியில் பெரும்பங்கை இழந்த நிலையில் உரையாடினர் என்று கொள்ள வேண்டியிருக்கும். மொழிக்கு மொழி வேறுபடுவது அலைவெண் எல்லையன்று; அவ்வெல்லைக்குள் எழும் ஒலி வேறுபாடுகளுள் எவை பொருள் வேறுபடுத்துகின்றன என்பதே.

மேலே குறித்த நகரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். செந்தர மராத்தியில் அது ணகரம் பெற்று ஒலிக்கும். மனம், மணம் என வேறுபடுத்தும் தமிழ்ச் செவிக்கு இந்த ணகரம் புதிதன்று. எனினும் தமிழ் இதழ்கள் 'புனே' என்றே எழுதுகின்றன. பெயர் ஆங்கில எழுத்தின் வழியே வந்து சேர்ந்ததன் விளைவு இது, செவியின் குறையன்று. (மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.)

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. பல்லி, குழந்தை, நெற்றி ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று மராத்திச் சொற்களைத் தமிழெழுத்தில் 'பால்' என்னும் ஒரே வடிவில்தான் எழுத இயலும். முதற்சொல்லின் முதலொலி ஒலிப்பிலா வெடிப்பொலி, இரண்டாவதில் ஒலிப்புடையது, மூன்றாவதில் ஒலிப்போடு மூச்சும் கலந்தது. ஒலிப்புடைய பகரத்தைத் தமிழர் 'கம்பு', 'அன்பு' முதலிய சொற்களில் நாள்தோறும் ஒலிக்கின்றனர். அங்கு அது மாற்றொலி. பஸ், பல்பு போன்ற கடன்சொற்களால் சொல் முதலிலும் அது பலர் பேச்சில் நிலைபெற்றுவிட்டது. மூச்சொலிக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் புணேயில் தமிழ்க் குடும்பத்தார் ஒருவர் தம் எட்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தனர். மராத்தி வகுப்பில், சொல்வதை எழுதும்போது அவன் தொடர்ந்து பிழை செய்தான். கேட்பதை மூளை சரியாக வாங்கவில்லை என்று யாரோ கூற, பயிற்சி நிலையம் ஒன்றில் பத்து நாள் வடிகட்டிய இசையைக் கேட்கச் செய்திருந்தனர். பெருந்தொகை செலவாயிற்று. தன் காது கெட்டுவிட்டது என்னும் அச்சமும் அவனைப் பற்றிக்கொண்டது. செவித்திறன் அளவீட்டிலோ குறை எதுவும் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூச்சொலி எழுத்து வர வேண்டிய இடத்தில் மூச்சில்லா எழுத்து. பிழைகள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வகையின. வீட்டைக் குறிக்கும் சொல்லுக்குப் பழச்சதையைக் குறிக்கும் சொல்லை எழுதியிருந்தான். தமிழ் ஒலியனமைப்பை அறிந்த எவரும் முன்கூட்டியே கூறியிருக்கக்கூடிய பிழைகள் அவை.

உண்மையாகவே செவிக்குறையோ மொழி வளர்ச்சிக் குறையோ உடைய குழந்தைகள் உளர். அவர்களைக் கண்டறிவது மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் போன்றவற்றில் பயின்ற வல்லுநரின் பணி. பத்து நாள், நாளுக்கு இருமுறை, முறைக்கு அரை மணி என்பது கீ பெரார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வகுத்த திட்டம். இம்முறையின் பயன் அறிவியல் அளவுகோல்களின்படி நிறுவப்படவில்லை என அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 2004இல் அறிவித்தது.

இரண்டாம் கூற்று இதனினும் வலுவானது. மொழி வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள் விரைந்து மாறும் ஒலிகளைப் பிரித்தறிய இடர்ப்படுகின்றனர் என 1973இல் பவுலா டல்லாலும் பியர்சியும் காட்டினர். ஒலிப்புடைய ப, ட ஆகியவற்றை முதலாகக் கொண்ட ஆங்கில அசைகளை வேறுபடுத்தும் தொடக்க மாற்றம் ஏறத்தாழ 40 மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். அம்மாற்றத்தை நீட்டியும் உரப்படுத்தியும் கேட்கச் செய்யும் கணினி விளையாட்டுகளை டல்லாலும் மெர்சனிக்கும் பிறரும் உருவாக்கி, 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். இதுவே பின்னர் 'ஃபாஸ்ட் ஃபார்வேர்ட்' என விற்பனைக்கு வந்தது. கில்லமும் குழுவினரும் 216 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கிச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நான்கு பிரிவினரும் மொழித்திறனில் ஒத்த அளவில் முன்னேறினர். மாற்றிய ஒலி எதனையும் கேளாமல் பொதுப்பாட விளையாட்டுகளை ஆடியவரும் அவர்களுள் அடங்குவர். முன்னேற்றம் உண்மையே, அதற்குக் காரணம் ஒலியை நீட்டியது என்பதற்குத்தான் சான்றில்லை.

மேலும் அந்நிரல் ஆங்கில ஒலிகளைக் கொண்டது. தமிழில் காலஅளவு வேறு இடங்களில் பொருள் வேறுபடுத்துகிறது: கல், கால், படு, பட்டு. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டு மாத்திரையை வரையறுத்த தொல்காப்பியர்க்குக் காலம் ஒலியிலக்கணத்தின் உறுப்பாகும். தமிழ்க் குழந்தைக்குக் காலம்சார் பயிற்சி வேண்டுமெனில் அது இவ்விடங்களில் தொடங்க வேண்டுமேயன்றி, ஆங்கில அசைகளிலன்று.

அவ்வாறாயின் செவியைப் பயிற்ற இயலாதோ எனின், இயலும். இந்தியின் பல்லொலித் தகரத்தையும் நாவளை டகரத்தையும் ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் 6 முதல் 8 திங்களில் வேறுபடுத்துகின்றன என்றும், 10 முதல் 12 திங்களுக்குள் அத்திறன் பெரிதும் குறைகிறது என்றும் வெர்க்கரும் டீஸும் 1984இல் நிறுவினர். குறைவது மீளவும் வளரக்கூடும். லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியர் அறுவர் ஆங்கில ரகர லகரச் சொல்லிணைகளைப் பலர் குரலில் 15 அமர்வுகள் கேட்டனர். ஒவ்வொரு விடைக்கும் சரி, தவறு உடனே தெரிவிக்கப்பட்டது. சரியான விடைகள் 78 விழுக்காட்டிலிருந்து 86 ஆக உயர்ந்தன. ஒருவர் குரலில் மட்டுமே பயின்றோரின் திறன் புதிய குரலுக்குச் செல்லவில்லை என்பதை 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவ்வகைப் பயிற்சியால், பேசப் பயிற்றாமலே உச்சரிப்பும் திருந்தியது எனப் பிராட்லோ குழுவினர் 1997இல் கண்டனர். ஆதாயம் பெரிதன்று, ஆனால் எதனால் கிடைத்தது என்று சொல்ல முடிகிறது.

இது மொழியியலார்க்குப் புதிய செய்தியன்று. டேனியல் ஜோன்ஸ் பொருளற்ற சொற்களைச் சொல்லி எழுதவைத்து மாணவர் செவியைப் பயிற்றினார். புணேயின் தெக்கான் கல்லூரியில் 1954–55இல் தொடங்கிய மொழியியற் பள்ளிகள் களப்பணிக்கு உரியோரை உருவாக்கின. செவிப்பயிற்சியின்றிக் களப்பணி இல்லை. அதே வளாகத்தில் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மேற்கு மண்டல மொழி மையம் ஆசிரியர்க்கு மராத்தி, குஜராத்தி, சிந்தி கற்பிக்கிறது. குறை பயிற்சிப் பொருள்களில்தான் உள்ளது. மொழிப் பயிற்சிப் பதிவுகள் பெரும்பாலும் திருத்தமாக ஒலிக்கும் ஒருவர் குரலையே தருகின்றன. தமிழ் கற்கும் மராத்தியர் வானொலி அறிவிப்பாளரின் ழகரத்தைப் பிரித்தறிந்த பின்னும், மதுரையில் பேருந்து நடத்துநர் அதனை ளகரமாக ஒலிக்கும்போது திகைப்பது இதனாலேயே.

மேற்குறித்த சிறுவனுக்கு அண்டை வீட்டார் ஐவரின் குரலில் நாற்பது சொல்லிணைகளைப் பதிவு செய்து தந்தேன். அவன் தாய் நாள்தோறும் கால் மணி நேரம் ஒலிக்கச் செய்து, விடையை உடனுக்குடன் திருத்தினார். மூன்று திங்கள் கழிந்தபின் சொல் முதல் மூச்சொலிகளில் பிழை அரிதாயிற்று. சொல்லிடையில் வரும் மூச்சொலிகளில் அவனுக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. அவற்றுக்கான இணைகளை இப்போது தொகுத்து வருகிறேன்.