பெரிய கைகளின் பின்னால் போகலாமா?

எந்தப் பங்கைப் பற்றிக் கேட்டாலும், ‘எஃப்ஐஐ (வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்) ஏத்தியிருக்கானா, குறைச்சிருக்கானா பாரு’ என்பதே இன்று பலர் தரும் முதல் யோசனை. இதை வெறும் கும்பல் மனப்பான்மை என்று ஒதுக்க முடியாது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிப்படி, காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் நிறுவனங்கள் பங்குதாரர் விவரத்தை வெளியிட வேண்டும். நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, ‘பல்க் டீல்’ பட்டியலில் அவர் பெயர் அன்றே வந்துவிடும். சிறு முதலீட்டாளர் காசு கொடுக்காமல் பெறும் இந்தத் தகவல் பெரிய உரிமை.

அதன் அருமையும் ஆபத்தும் சேர்ந்து தெரிந்த இடம் யெஸ் பேங்க். அதன் தலைமைச் செயல் அதிகாரி ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி 2018-ல் சுருக்கியது. அதன்பின் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பங்கு காலாண்டுக்குக் காலாண்டு கரைந்தது. அவர்கள் விற்றதை ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று வாங்கிச் சேர்த்தவர்கள் சில்லறை முதலீட்டாளர்கள். 2020 மார்ச் 5-ல் வங்கி முடக்கப்பட்டு, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானது. பங்குதாரர் பட்டியலைத் தொடர்ந்து படித்தவருக்கு எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது.

ஆனால் அதே வங்கி 2019 ஆகஸ்டில் நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே உரிய க்யூஐபி பங்கு வெளியீட்டின் மூலம், ஒரு பங்கு 83.55 ரூபாய் வீதம் 1,930 கோடி ரூபாய் திரட்டியது. எல்ஐசியும் பெரிய பங்குதாரராக நீடித்தது. இவர்களை நம்பி அன்று வாங்கியவர் என்ன ஆனார்? ஏழே மாதத்தில், வங்கியை மீட்க வந்த ஸ்டேட் வங்கி கொடுத்த விலை பங்குக்கு 10 ரூபாய். நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்றாண்டுகள் விற்கவும் முடியவில்லை.

பெரிய கைகளைப் பின்தொடரும் இந்த முறையின் அடிப்படைக் குறை, எண்ணிக்கை தெரியும், காரணம் தெரியாது என்பதே. தன்னிடம் பணம் போட்டவர்கள் திரும்பக் கேட்டதால் ஒரு ஃபண்ட் விற்றிருக்கலாம். குறியீட்டில் பங்கு சேர்ந்ததால், நிறுவனத்தை ஆராயாமலே இண்டெக்ஸ் ஃபண்டுகள் வாங்கியிருக்கலாம். தாமதமும் உண்டு: காலாண்டின் முதல் வாரத்தில் விற்றது பங்குதாரர் பட்டியலில் தெரிய மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம்.

பங்குச் சந்தைகள் தரும் தினசரி எஃப்ஐஐ வாங்கல்-விற்றல் கணக்கு இன்னும் பலவீனமானது; சந்தையில் நடந்த வர்த்தகத்தை மட்டுமே அது காட்டுகிறது. 2024 அக்டோபரில் வெளிநாட்டினர் சந்தையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் விற்றார்கள் என்ற செய்தி பலரைக் கலங்கடித்தது. அதே மாதம் புதிய பங்கு வெளியீடுகள் போன்றவற்றில் அவர்கள் ஏறத்தாழ 20,000 கோடி போட்டதைக் கவனித்தவர்கள் குறைவு.

பல காலாண்டுகள் தொடரும் விற்பனையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஏன் என்று விசாரியுங்கள். பெரிய முதலீட்டாளர்கள் வாங்கியிருந்தால், அது சந்தையில் வாங்கியதா, க்யூஐபியில் வந்ததா, குறியீட்டு மாற்றத்தால் சேர்ந்ததா என்று பங்குச் சந்தைத் தளத்திலுள்ள அறிவிப்புகளில் தேடுங்கள். அது தெரியும்வரை உங்கள் சேமிப்பை அதில் போடாதீர்கள்.