படங்களுக்குத் தனி டொமைன் தேவையா?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, அதிலுள்ள படத்தின் முகவரியைப் பாருங்கள். கட்டுரை விக்கிப்பீடியா டொமைனில் இருக்கும், படமோ ‘அப்லோட்.விக்கிமீடியா’ என்ற வேறொரு டொமைனிலிருந்து வரும். இதனால் தேடலில் விக்கிப்பீடியா பின்தங்கிவிடவில்லை.

அவ்வளவு பெரிய தளம் எந்தக் குறையையும் தாங்கும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் கூகுள் வேலை செய்யும் முறையைப் பார்த்தாலும் படங்களை வேறு டொமைனில் வைத்தால் தரவரிசை சரியும் என்ற பயத்துக்கு இடமில்லை. படத் தேடலில் வாசகர் போய்ச் சேருவது படம் இடம்பெற்ற பக்கத்துக்குத்தான். படக்கோப்பு கிடக்கும் சர்வருக்கு அல்ல. படம் எதைப் பற்றியது என்பதையும் அந்தப் பக்கத்தின் தலைப்பு, விளக்கம், சுற்றியுள்ள வரிகளைக் கொண்டு பெருமளவு கூகுள் புரிந்துகொள்கிறது. தளத்தின் படங்களைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப்பில் வேறு டொமைன் முகவரிகளைத் தரவும் அது அனுமதிக்கிறது.

தரவரிசை சரியாது, சரி. லாபம் உண்டா? ஒரு காலத்தில் இருந்தது. பழைய ஹெச்டிடிபி 1.1 முறையில் பிரவுசர்கள் ஒரு டொமைனுக்கு ஏறக்குறைய ஆறு இணைப்புகளைத்தான் ஒரே நேரத்தில் திறக்கும். படங்களை இன்னொரு டொமைனுக்கு மாற்றினால் கூடுதலாக ஆறு கிடைக்கும். 2015இல் வந்த ஹெச்டிடிபி 2, ஒரே இணைப்பில் பல கோப்புகளைச் சேர்த்து அனுப்பக் கற்றுக்கொடுத்தது. அதோடு அந்த லாபம் போயிற்று. செலவு மட்டும் மிஞ்சியது. புதிய டொமைன் என்றால் அதன் முகவரியைத் தேட வேண்டும், இணைப்பை ஏற்படுத்த வேண்டும், பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் மெலிந்த ஊரில் கைபேசியில் பக்கத்தைத் திறப்பவருக்கு எழுத்து வந்துவிடும். மேலேயுள்ள படத்தின் இடம் வெறுமையாகவே காத்திருக்கும். பக்கம் திறந்ததும் திரையில் இருக்கும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். 2021 முதல் தரவரிசையிலும் அதற்குச் சிறு பங்கு உண்டு. தனி டொமைன் தரவரிசையைக் கெடுக்குமானால் இந்த வழியாகத்தான் கெடுக்கும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உரிமை. 2017இல் படங்களைச் சேமித்துவைக்கும் போட்டோபக்கெட் நிறுவனம், தன்னிடம் உள்ள படங்களைப் பிற தளங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு சுமார் 400 டாலர் கேட்டது. கட்டாதவர்களின் பக்கங்களில் பல ஆண்டுகளாக இருந்த படங்கள் ஒரே அடியாக மறைந்தன. அந்த முகவரிகள் அவர்கள் கையில் இல்லை, வழிமாற்றிவிடக்கூட முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: சிறிய தளமாக இருந்தால் படங்களைச் சொந்த டொமைனிலேயே வையுங்கள். உலகெங்கும் வாசகர்கள் இருந்து சிடிஎன் (வாசகருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து கோப்பை அனுப்பும் சேவை) தேவைப்பட்டால், அதை உங்கள் பெயரிலுள்ள சப்டொமைன் வழியாக இணையுங்கள். நாளை சிடிஎன் நிறுவனத்தை மாற்றினாலும் பட முகவரி மாறாது. ஏற்கெனவே தனி டொமைனில் ஒழுங்காக ஓடும் தளத்தை இதற்காகக் கலைக்க வேண்டாம். அந்த டொமைனின் ரோபோட்ஸ் கோப்பு கூகுளைத் தடுக்கிறதா என்பதை மட்டும் இன்றே திறந்து பாருங்கள்.