பலாச்சுளைக்கு என்ன வார்த்தை?

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் புஸ்தகம் படிப்பது என்னால் ஆகாத காரியம். எனக்குப் பக்கத்து ஸீட்டில் இருந்த பெண்ணோ தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டிருந்தாள். மலையில் பிறந்து, கீழே நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறவள். என்ன புஸ்தகம் என்று எட்டிப் பார்த்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கெட்ட பழக்கம் போவதில்லை.

நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949ல் அமெரிக்காவில் வெளிவந்து, இன்றும் நம் நடைபாதைக் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிற புஸ்தகம். அதன் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரேக்க வேரையோ லத்தீன் வேரையோ பிடித்துக்கொண்டு, அதிலிருந்து பல சொற்களைக் கிளைக்க வைக்கிற சாமர்த்தியம் லூயிஸுக்கு உண்டு. வறட்டு அகராதியை மனப்பாடம் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் யாருக்காக எழுதிய புஸ்தகம் அது? மனித குலத்தையே வெறுப்பவனுக்கு என்ன பெயர், கல்யாணத்தை வெறுப்பவனுக்கு என்ன பெயர் என்று தொடங்கி, அடுத்தபடியாக டாக்டர்களின் வகைகளுக்குப் போய்விடுகிறார். வீட்டில் இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்கள் பேச்சுக்கு மெருகு ஏற்றிக்கொள்ள அது சரி. சுவர் எழும்பாத வீட்டுக்கு மெருகு எதற்கு?

"மிசாந்த்ரோப் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். பளிச்சென்று சொன்னாள். "பலா பழுத்துவிட்டது, பறிக்க ஆள் இல்லை என்பதை இங்கிலீஷில் சொல்லு, பார்ப்போம்."

சிரித்தாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுங்க ஐயா."

மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் இங்கிலீஷ்காரர் டாக்காவில் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தார். வங்காளப் பையன்களில் பலர் பாதியிலேயே படிப்பை விட்டுவிடுவதை அவர் கவனித்தார். எந்த வருஷத்தில் நின்றாலும் அதுவரை படித்த இங்கிலீஷ் ஏதாவது உபயோகப்பட வேண்டும் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர், இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுத்த நம் எல்லோருக்கும் பழக்கமான 'சரண்டர் வால்யூ'. பாஷைப் படிப்பைப் பற்றி இவ்வளவு கருணையோடு சொல்லப்பட்ட வார்த்தை வேறொன்றை நான் அறியேன்.

1953ல் அவர் தொகுத்து வெளியிட்ட பட்டியலில் சுமார் இரண்டாயிரம் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த அர்த்தத்தில் நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்றுகூடக் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் அர்த்தம் என்று எழுதிவைத்துக்கொள்கிற நம் நோட்டுப் புஸ்தகங்கள் தலைகுனிய வேண்டிய இடம் இது. நாம் காபி 'சாப்பிடுகிறோம்', இங்கிலீஷ்காரன் குடிக்கிறான். காபி 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம், 'பவர்ஃபுல்' ஆக இருக்கக் கூடாது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் குடித்தனம் பண்ணும் என்பதை அர்த்தம் மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை.

வெஸ்ட்டிடமும் குறை உண்டு. அந்தக் கணக்கெல்லாம் இங்கிலீஷில் எழுதப்பட்ட எழுத்தை வைத்து. சாமையும் தினையும் அதில் எங்கிருந்து வரும்? முதல் இரண்டாயிரம் எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த ஆயிரத்தை அந்தந்த ஊரில்தான் பொறுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கேழ்வரகை இங்கிலீஷில் 'ஃபிங்கர் மில்லட்' என்பார்கள் என்றதும் அந்தப் பெண் தன் விரல்களைக் கதிர்போல மடக்கிப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சொல் இனி அவளுக்கு மறக்காது. ஜன்னலுக்கு வெளியே ஸில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளைக் காட்டி, நம் மிளகுத் தண்ணீர்தான் இங்கிலீஷ் அகராதியில் 'மல்லிகடானி' ஆகி உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

சோளக்காட்டில் இறங்குகிறபோது திரும்பிக் கேட்டாள்: "பலாச்சுளைக்கு இங்கிலீஷில என்னங்க ஐயா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.