உறவுச்சொல்லும் கணக்கெடுப்பும்: கார் நிகோபார்ச் சான்று

1951ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்னும் வினா இடம்பெற்றது. இத்தகைய விடைகளைக் கொண்டு உறவுமுறையை வரையறுப்போர் சொற்பொருளையும் ஆராய்தல் வேண்டும். தமிழில் 'மருமகன்' மகளின் கணவனையும், ஆடவர் வழக்கில் உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும். முறைமணத்தில் இருவரும் ஒருவரே.

நிகோபாரில் இடர்ப்பாடு இன்னும் பெரிது. ஒரே அடுக்களையில் உண்போரையே கணக்கெடுப்பு குடும்பமெனக் கொள்கிறது. கார் நிகோபாரியரின் 'துஹேத்' என்பதோ பல வீடுகளை அளாவி, நிலத்தைப் பொதுவில் உடைய உறவுக்குழு. இதனைக் 'கூட்டுக்குடும்பம்' என மொழிபெயர்ப்பின் ஒற்றை அடுக்களை என்னும் பொருள் புகுந்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் உதவித்தொகை தனிக்குடும்பத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டபோது துஹேத்தின் கட்டுக்கோப்புத் தளர்ந்தது. ஆதலின் அச்சொல்லை அவ்வாறே ஆள்வதும், வீடு கடந்த உறவைத் தனியே குறிப்பதும் தக்கன.