வாள்களின் அரசி

அரசி என்று பெயர் சூட்டப்பட்ட பொருள்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். செசாரே போர்ஜியாவின் வாளுக்கு ‘வாள்களின் அரசி’ என்று பெயர். 1490களில் இத்தாலியில் உருவானது. யூதராகப் பிறந்து கிறித்தவரான பொற்கொல்லர் எர்கோலே தெய் ஃபெதேலியின் வேலைப்பாடு என்று கருதப்படுகிறது. போப் ஆறாம் அலெக்சாந்தரின் மகனான செசாரே அப்போது கர்தினால். கைப்பிடியில் அந்தப் பட்டமும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அலகின் சித்திரங்களை ஒரு பிரதியாகவே வாசிக்கலாம். ஒன்றில் காளை பலியிடப்படுகிறது; காளை போர்ஜியா குடும்பத்தின் சின்னம். ஒன்றில் யூலியஸ் சீசர் ரூபிகான் ஆற்றைக் கடக்கிறார். இன்னொன்று அவருடைய வெற்றி ஊர்வலம். செசாரே என்பது சீசர் என்ற பெயரின் இத்தாலிய வடிவம். பழைய உரோமின் கதையைச் சொல்லும் சாக்கில் ஓர் இளைஞனின் அதிகார வேட்கையைத்தான் அலகு சொல்கிறது.

என்னை நிறுத்தியது ஒரு லத்தீன் வாசகம்: ஆயுதங்களைவிட ஃபிதெஸ் வலியது. நம்பிக்கை, கொடுத்த வாக்கைக் காப்பது என இரு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. உரோமர்கள் ஃபிதெஸைப் பெண்தெய்வமாக வணங்கினார்கள்.

உயிருள்ள பெண்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது? தங்கை லுக்ரேசியாவின் முதல் திருமணம், குடும்பத்துக்குப் பயன்படாது என்றானதும், 1497இல் செல்லாததாக்கப்பட்டது. 1498இல் அரகோனின் அல்ஃபோன்சோவுக்கு மணமுடித்தார்கள். 1500இல் அவன் கொல்லப்பட்டான். கொன்றவன் செசாரேயின் ஆள். அதே ஆண்டு ஜனவரியில், ஃபோர்லி நகரின் ரவால்தினோ கோட்டையைத் தானே முன்னின்று காத்த கத்தரீனா ஸ்ஃபோர்சாவைச் செசாரே சிறைபிடித்தான். வாக்குறுதியைப் பெண்தெய்வமாக்கிய பண்பாடு, தன் கோட்டையைக் காத்த பெண்ணைக் கைதியாக உரோமுக்குக் கொண்டுபோனது.

இந்த முரணை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. பெண்ணைச் சின்னமாக உயர்த்துவதும் மனுஷியாக அடக்குவதும் ஒரே அதிகாரத்தின் இரு வேலைகள். அலகில் அந்த இரண்டில் ஒன்று மட்டும் பொன்னில் மின்னுகிறது.

வாள் இன்று உரோமில் காயெத்தானி அறக்கட்டளையிடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் செர்மொனேத்தா நிலங்களைப் பறித்துத்தான் போப் அன்று லுக்ரேசியாவுக்குக் கொடுத்தார். உறை லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். கத்தரீனாவின் பெயர் வாளிலும் இல்லை, உறையிலும் இல்லை. மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: வேலைப்பாட்டின் அழகை ரசியுங்கள், ரசித்துக்கொண்டே, அதைச் செய்வித்தவன் யாரை விட்டுவிட்டான் என்றும் தேடுங்கள்.